பேரீச்சம்பழத்துக்குப் போகாதவை

இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

நடுப்பகலில் தெருக்கோடியிலிருந்து எழும் இந்தக் குரலை நம் பெற்றோர்கள் நன்கு அறிவார்கள். அது காதில் விழுந்ததும் வீட்டுச் சிறுவர்கள் பரண்மேல் ஏறுவார்கள். ஓட்டை விழுந்த செம்பு, காம்பு ஒடிந்த கரண்டி, அடி கழன்ற வாளி, துருவேறிய அரிவாள் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். மிதிவண்டிக்காரர் தராசைத் தூக்கிப் பிடிப்பார். தட்டு ஒரு பக்கம் சாயும். தாளில் மடித்த நான்கு பேரீச்சம்பழம் கைக்கு வரும். அத்துடன் வணிகம் முடிந்தது. பொருளியல் மாணவர்கள் 'பண்டமாற்று' என்று பாடத்தில் படிப்பதை நம் தெருக்கள் நெடுங்காலம் இப்படித்தான் நடத்தி வந்தன.

அந்தக் குரல் இன்று பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. சிறிய சரக்கு வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, பதிவு செய்த குரலை ஓடவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தக் குரல் நம் மொழியில் விட்டுச் சென்ற வழக்கு மட்டும் ஓயவில்லை. ஒரு பொருள் சற்றே மக்கர் செய்தாலும், 'பேரீச்சம்பழத்துக்குப் போடு' என்கிறோம். பொருளைச் சொல்வதோடு நிற்கிறோமா? வயது முதிர்ந்த மனிதர்களைப் பற்றியும் சில வேளைகளில் அப்படித்தான் பேசுகிறோம்.

இந்தக் கட்டுரையை எழுதும் நான் அந்தக் குரலின் பேரன். அப்பாவின் தந்தையை எங்கள் பக்கத்தில் 'ஐயா' என்று அழைப்போம். எங்கள் ஐயா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மிதிவண்டியில் கூடையும் சாக்கும் தராசுமாகச் சிவகங்கைச் சீமையின் சிற்றூர்களைச் சுற்றி வந்தவர். இதை இந்த மலரில் எழுதுவதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தராசில் வைக்கும் முன்

பழைய பொருள் வாங்குகிறவர்கள் எல்லாவற்றையும் நேரே காயலான் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அன்று. மாலையில் வீடு திரும்பியதும் ஐயா சாக்கை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டுவார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்ப்பார், ஒலியைக் கேட்பார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகுதான் இரண்டு குவியலாகப் பிரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "ஏப்பா, முதல்ல உசுரு இருக்கான்னு பாக்கணும். அப்புறந்தான் தராசுல வைக்கணும்" என்பார். உயிர் இருப்பது ஒரு குவியல். இல்லாதது மற்றொரு குவியல். இரண்டாவது மட்டுமே காயலான் கடைக்குப் போகும்.

முதல் குவியலிலிருந்து பிழைத்து வந்ததுதான் எங்கள் வீட்டுச் சிங்கர் தையற்பொறி. ஒரு பெரிய வீட்டுப் பின்கட்டில் கோழிக்கூண்டுக்குத் தாங்கலாகக் கிடந்ததாம். சக்கரம் அசையவில்லை. 'இறுகிப் போச்சு, இரும்பு விலைக்கு எடுத்துக்கோ' என்று கொடுத்துவிட்டார்கள். ஐயா அதன் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தார். யாரோ இயந்திர எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றி வைத்திருந்தார்கள். அது காலப்போக்கில் பிசின்போல் காய்ந்து எல்லா மூட்டுகளையும் கட்டிப் போட்டிருந்தது. துருவும் இல்லை, தேய்வும் இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் மண்ணெண்ணெய்ச் சொட்டுவிட்டு இரவு முழுதும் ஊறவைத்தார். மறுநாள் சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது. மூன்றாம் நாள் முழுச் சுற்று வந்தது. அழுக்கைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் விட்டு, புதிய தோல்வாரும் ஒரு பாபின் கூடும் வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து அது ஓடுகிறது. அதில் அம்மா தைத்த பாவாடைகளும் ரவிக்கைகளும்தாம் என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டின.

அந்தப் பொறியின் அடிப்பீடத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னெழுத்து 'ஒய்'. சிங்கர் நிறுவனம் தன் பொறிகளுக்கு இட்ட எண்களைக் கொண்டு அவை பிறந்த இடத்தையும் காலத்தையும் அறியலாம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1885-இல் திறந்த தொழிற்சாலையில், 1920-களை ஒட்டிச் செய்யப்பட்டது எங்கள் பொறி. அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. பெற்ற இடம் மறைந்த பின்னும் பிள்ளை உழைத்துக் கொண்டிருக்கிறது!

இயந்திரங்களை எப்போதும் ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகள், 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையற்பொறியை மட்டும் விதிவிலக்காகக் குறிப்பிட்டார். கையால் தைத்துத் தைத்து வருந்திய மனைவியின் துன்பத்தைப் போக்க விரும்பிய கணவனின் அன்பிலே பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். அன்பிலே பிறந்த பொறியைக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தது யார் குற்றம்?

பழுது வேறு, பாழ் வேறு

ஒரு பொருளை நாம் எறிவதற்குக் காரணம் அது பாழாகிவிட்டது என்பதா? பெரும்பாலும் அன்று. அதன் பழுது என்னவென்று நமக்குத் தெரியவில்லை என்பதே காரணம். நம் அறியாமைக்கு நாம் இட்ட பெயர் 'குப்பை'.

மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது. கையால் தள்ளிவிட்டால்தான் புறப்படுகிறது. 'விசிறி போய்விட்டது' என்கிறோம். போனது விசிறியன்று, பெரும்பாலும் அதன் கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மின்தேக்கி. கடைக்காரர்கள் 'கண்டென்சர்' என்பார்கள். பெரும்பாலான விசிறிகளுக்கு 2.5 மைக்ரோஃபாரட் அளவுள்ளது போதும். ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும் பொருள் அது. மிக்சி ஓடவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ஓடியும் சாரின் கத்தி சுற்றவில்லை என்றால் கப்ளர் உடைந்திருக்கும். துருவேறிய இரும்புத் தோசைக்கல்லுக்கு வேண்டியது செங்கல் தூளும் உழைப்பும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெலிதாகத் தடவிப் பலமுறை சூடேற்றினால் எண்ணெய் இறுகி இரும்பின்மேல் ஒரு கருந்தோலாகப் படியும். பிறகு தோசை தானாக எழும்பி வரும். இதைத்தான் நம் பாட்டிமார்கள் 'கல்லைப் பழக்குவது' என்றார்கள்.

அம்மியின் முகம் வழவழப்பாகிவிட்டால் அதை யாரும் எறிந்ததில்லை. 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று ஒருவர் வருவார். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார். அம்மிக்கு மீண்டும் பல் முளைத்துவிடும். கத்திக்குச் சாணை பிடிக்க ஒருவர், குடைக்குக் கம்பி போட ஒருவர், பிரம்பு நாற்காலி பின்ன ஒருவர், ஓட்டைப் பாத்திரத்தைப் பற்றவைக்க ஒருவர் என்று ஒரு பெரும் பழுதுநீக்கும் படையே நம் தெருக்களில் நடந்து திரிந்தது. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் வெண்கலம் செய்வோரையும், செம்பு வேலை செய்வோரையும், தச்சரையும், தையற்காரரையும் இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். நகரின் சிறப்பைச் சொல்ல வந்த புலவர் அரண்மனையோடு நின்றுவிடவில்லை. கைத்தொழிலாளர் தெருவையும் சேர்த்தே சொன்னார்.

'பழையன கழிய வேண்டியதுதானே, அது தமிழ் மரபுதானே' என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு நன்னூல் துணையாக வந்துவிடுகிறது. நன்னூலார் பேசியது இலக்கணத்தை. சொற்கள் வழக்கொழிவதும் புதியவை வருவதும் குற்றமன்று என்பது அவர் கருத்து. அவர் சொல்லைக் கொண்டு அடுக்களைப் பாத்திரத்துக்குத் தீர்ப்பு எழுதுவது முறையாகாது. போகியன்று வேண்டாதவற்றைக் கழிப்பதும் வீட்டைத் தூய்மை செய்வதும் நல்லதே. ஆனால் தீயிலிட்டால் கழிந்துவிடும் என்று நம்பி டயரையும் நெகிழியையும் எரித்தால் அவை புகையாக நம் நுரையீரலுக்கே திரும்பி வருகின்றன.

ஈயம் பூசுபவரும் ஒரு வேதியியலார்

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பித்தளைப் பாத்திரத்தில் புளியோ தயிரோ தங்கினால் அமிலம் செம்பைக் கரைத்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அதைத் தடுக்கவே உட்புறம் ஈயம் பூசுகிறார்கள். ஈயம் தேய்ந்துபோன அண்டாவும் தவலையும் பரணுக்குப் போகின்றன. பரணிலிருந்து தராசுக்குப் போகின்றன. பூசினால் மீண்டும் அடுப்புக்கு வரக்கூடியவை அவை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் எங்கள் ஊருக்கு வந்த ஈயம் பூசுபவர் ஒருவரின் அருகில் அரை நாள் அமர்ந்திருந்தேன். தரையில் குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதினார். மணலால் தேய்த்த பாத்திரத்தைத் தணலில் காட்டிச் சூடேற்றினார். நவச்சாரத் தூளைத் தூவினார், வெண்புகை எழுந்தது. வெள்ளீயக் கட்டியை உள்ளே ஓர் இழுப்பு இழுத்தார். அது உருகியதும் பழந்துணியைப் பஞ்சோடு சுருட்டி ஒரே சுழற்சியில் துடைத்தார். அவ்வளவுதான்! மஞ்சளாய் இருந்த பாத்திரத்தின் உட்புறம் நிலவாகிவிட்டது.

நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது பிரிந்து தரும் ஹைட்ரஜன் குளோரைடு உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தை நீக்கிவிடுகிறது. தூய பரப்பில்தான் ஈயம் பற்றும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். அந்தச் சூட்டைச் சற்றே தாண்டிய நிலையில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். நாம் ஆய்வகத்தில் வெப்பமானி கொண்டு அளப்பதை அவர் புகையின் நிறத்தைக் கொண்டு அளக்கிறார். "பொகை மெலிஞ்சா போடணும் தம்பி, பொகை கறுத்தா போச்சு" என்றார். எனக்கு உள்ளவை மூன்று பாடநூல்கள். அவருக்கு உள்ளவை முப்பது ஆண்டுகள். இருவரில் யார் வேதியியலார் என்று நீங்களே சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். 'எனக்குப் பிறகு இந்தத் துருத்தியைத் தொட ஆள் இல்லை' என்று சொல்லிக்கொண்டே கரியை அணைத்தார். ஒரு பல்கலைக்கழகத் துறையை மூடினால் செய்தித்தாளில் வரும். இந்தத் துறை மூடுவது எங்கே வரப் போகிறது?

ஒரே பொருள், இரண்டு பெயர்

எங்கள் ஊருக்கு அருகில் காரைக்குடி. அங்கே முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குக் கதவுகள், தூண்கள், மரப்பெட்டிகள், பெல்ஜியக் கண்ணாடிகள், எனாமல் தூக்குகள், பித்தளை விளக்குகள் எல்லாம் அங்கே உண்டு. தொலைநாட்டுப் பயணிகளும் பெருநகரத்துச் செல்வர்களும் வந்து வாங்குகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஒரு கிழவியின் பரணில் கிடக்கும்போது அந்தத் தூக்கின் பெயர் 'பழைய சாமான்'. ஐயாவின் சாக்கில் அதன் பெயர் 'எடைச் சரக்கு'. கடையின் கண்ணாடி அலமாரியில் அதன் பெயர் 'அரும்பொருள்'. பொருள் மாறவில்லை, பார்ப்பவரின் பணப்பைதான் மாறியது. ஏழை பழைய பொருளைப் பயன்படுத்தினால் வறுமை. செல்வர் பயன்படுத்தினால் ரசனை! அந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. இடிபட இருந்த வீடுகளிலிருந்து எத்தனையோ வேலைப்பாடுகளை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் குறை சொல்வது நம் கண்களை.

சென்னையில் 1900-இல் எழுந்த மூர் மார்க்கெட் ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான பழம்பொருள் சந்தையாக இருந்தது. பழைய புத்தகத்திலிருந்து பழைய நாற்காலி வரை அங்கே கிடைத்தது. அங்கு வாங்கிய பழைய நூல்களைக் கொண்டே படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர். 1985-இல் அது தீக்கிரையானபோது அவர்களுக்கெல்லாம் தம் பள்ளிக்கூடமே எரிந்தது போல இருந்திருக்கும்.

பழைய பாத்திரக் கடைகளில் மற்றொன்றையும் காணலாம். குடத்தின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். இன்னாருக்கு இன்னாரின் திருமண அன்பளிப்பு என்று நாளோடு பொறித்திருக்கும். அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தால் பழைய பொருள் என்பது வெறும் உலோகம் அன்று என்பது விளங்கும். ஐயா அப்படிப் பெயர் வெட்டிய பாத்திரம் வந்தால், கொடுத்தவரிடம் ஒரு முறைக்கு இரு முறை கேட்பார்: "ஆத்தா, பேரு போட்டிருக்கு. நல்லா ரோசிச்சுத்தான் குடுக்கிறீகளா?" வணிகனுக்கு இந்தக் கேள்வி நட்டம். ஆனால் அவர் கேட்காமல் இருந்ததில்லை.

மறுப்போர் கூற்று

'புதியதே மலிவாகக் கிடைக்கும்போது பழையதைப் புதுப்பிப்பது வீண் வேலை' என்கிறார்கள். பழுது பார்ப்பவர் கேட்கும் கூலி புதிய பொருளின் பாதி விலையாகிவிடுவது உண்மைதான். ஆனால் அந்த மலிவு முழுக் கணக்கன்று. எறியப்பட்ட பொருள் எங்கே போகிறது என்ற செலவு அதில் எழுதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கின. எத்தனையோ வீடுகளில் நுழைந்த முதல் மின்பொருள்கள் அவை. அந்தப் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இன்று பரணிலும் புறம்போக்கிலும் கிடக்கின்றன. அவற்றின் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. உடைத்தால் அது மண்ணுக்குப் போகும். மண்ணிலிருந்து கிணற்றுக்குப் போகும். மின்கழிவைத் தயாரித்தவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்று வகுத்த 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. விதி வந்துவிட்டது, நம் தெருவுக்கு அது நடந்து வர வேண்டும்.

'இன்றைய பொருள்களைத் திறக்கவே முடியவில்லையே, திருகாணி இருந்த இடத்தில் பசை அல்லவா இருக்கிறது' என்கிறார்கள். இது நியாயமான முறையீடு. இந்தக் குறையை உலகம் உணரத் தொடங்கியிருக்கிறது. இந்திய நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதற்கெனச் சட்டநெறியே வகுத்தது.

'பழைய பொருள் ஆபத்தானது' என்கிறார்கள். சிலவற்றில் இதுவும் உண்மை. உண்மையை மறைத்து வாதாடுவது மாணவனுக்கு அழகன்று. எனவே எவற்றைப் புதுப்பிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாயைப் பழையதாக வாங்கவே கூடாது. சொந்தக் குழாயையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். குக்கரின் பாதுகாப்பு வால்வையும் கேஸ்கட்டையும் புதிதாகவே போட வேண்டும். மேற்பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டியை அடுப்பில் ஏற்றக் கூடாது. படக்குழாய்த் தொலைக்காட்சியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உள்ளே தங்கியிருக்கும். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் செயலுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய தொட்டிலையோ நடைவண்டியையோ உப்புத்தாளால் உலர்ந்தபடி தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தால் அது நஞ்சு. தெரிந்தவரிடம் கொடுத்துப் பூசுங்கள்.

மின்சாரக் கணக்கும் உண்டு. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கேட்கும். புதிய வகை விசிறி 30 வாட்டளவில் அதே காற்றைத் தரும். இரவு பகலாகச் சுழலும் இடத்தில் புதியது வாங்குவதே அறிவு. எப்போதாவது சுழலும் இடத்துக்குப் பழையது போதும். பழையதெல்லாம் நல்லது என்பது என் கட்சி அன்று. பார்த்து முடிவு செய் என்பதே என் கட்சி. உயிர் இருக்கிறதா என்று பாராமல் தராசில் வைக்காதே என்று ஐயா சொன்னதும் இதுதான்.

ஒரு தகரப்பெட்டி

இனி, மூன்று ஆண்டுகள் எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

கல்லூரி விடுதியில் சேர்ந்த நாளில் என் கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. யாரோ எடைக்குப் போட்டதை ஐயா நிமிர்த்தி, கீல் மாற்றி, பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். அறைத் தோழர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து, "என்னப்பா, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாம இங்க தூக்கிட்டு வந்திருக்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை; அவர் அறியாமல் சொன்னார். என் குற்றம் வேறு. நானும் சேர்ந்து சிரித்தேன். 'அடுத்த மாசம் புதுசு வாங்கிருவேன்' என்றேன்.

சில வாரம் கழித்து ஐயா என்னைப் பார்க்க வந்தார். சுற்று முடிந்து நேரே மிதிவண்டியில் வந்திருந்தார். பின்னால் சாக்கு, முன்னால் கூடை. விடுதி வாயிலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். விரைந்து இறங்கி ஓடினேன். ஆசையால் ஓடினேன் என்று எழுதத்தான் விரும்புகிறேன்; ஆனால் தோழர்கள் பார்ப்பதற்கு முன் அவரை அப்புறப்படுத்தவே ஓடினேன். தெருமுனைத் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, கூடையிலிருந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு மெல்ல, "நான் கூடையை வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கணும்ப்பா. ரோசனை இல்லாமப் போச்சு" என்றார்.

அதன் பிறகு அவர் கல்லூரிக்கு வரவில்லை. சென்ற ஆண்டு காலமானார். உலகத்தார் எறிந்த ஆயிரம் பொருள்களை உயிர் இருக்கிறது என்று எடுத்து வைத்த மனிதரை, அவர் பேரனே தெருமுனையில் நிறுத்தினான். ஒரு பொருள் பழையது என்பதற்காக அதைக் கண்டு கூசும் மனம், அந்தப் பொருளோடு உழைத்த மனிதரைக் கண்டும் கூசும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அந்தத் தேநீர்க்கடையில் கற்றுக்கொண்டேன். நண்பர்களே, பழுதுநீக்குவதைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதன் காரணம் இதுதான். மிச்சமாகும் பணத்தைக் காட்டிலும், காப்பாற்றப்படும் மண்ணைக் காட்டிலும் பெரிதாக ஒன்று இதில் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களை நாம் எந்தக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்பது இதில் இருக்கிறது.

ஒரு விண்ணப்பம்

ஆதங்கத்தோடு நிறுத்திவிடாமல், செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நம் கல்லூரியின் பின்புறத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. கால் ஆடும் மேசைகள், கை ஒடிந்த நாற்காலிகள், சுழலாத மின்விசிறிகள் அங்கே குவிந்திருக்கின்றன. அரசுப் பொருளைக் கழிக்கவும் விதி உண்டு, தொடவும் விதி உண்டு என்பதை நான் அறிவேன். ஆகவே முதல்வர் அவர்களிடமும் பேராசிரியப் பெருமக்களிடமும் பணிவோடு வேண்டுகிறேன். முறைப்படி ஒப்புதல் பெற்று, மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கொட்டகையைத் திறந்துவிடுங்கள். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் இதை ஒரு பணியாக மேற்கொள்ளலாம்.

அன்று ஊரிலுள்ள பிரம்பு பின்னுபவரையும், மிக்சி பழுது பார்ப்பவரையும், ஈயம் பூசுபவரையும் அழைப்போம். வேலைக்காரர்களாக அழைக்க வேண்டாம்; ஆசிரியர்களாக, உரிய மதிப்பூதியம் கொடுத்து அழைப்போம். ஊர்மக்கள் தங்கள் வீட்டுப் பழுதான பொருள்களைக் கொண்டு வரட்டும். இயற்பியல் மாணவர்கள் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கட்டும். வேதியியல் மாணவர்கள் துருவையும் களிம்பையும் கவனிக்கட்டும். வணிகவியல் மாணவர்கள் கணக்கு எழுதட்டும். தமிழ் மாணவர்கள் அந்தத் தொழிலாளர் நாவில் மட்டுமே வாழும் சொற்களைத் தொகுக்கட்டும். அகராதியில் ஏறாத செல்வம் அங்கே நிறைய இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009-இல் ஒரு பெண்மணி இப்படித்தான் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பழுதுநீக்கும் கூடம் ஒன்றைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. தெருத்தெருவாக இந்தக் கலையை நடத்தி வந்த நமக்கு இது புதிய பாடமா என்ன?

அந்த முதல் சனிக்கிழமைக்கு நான் இரண்டு பொருள்களைக் கொண்டு வருவேன். ஒன்று, அந்தப் பச்சைத் தகரப்பெட்டி. புதியது நான் வாங்கவே இல்லை. இன்றும் என் புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன. கீல் ஒன்று தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். மற்றொன்று ஐயாவின் கூடை. அதன் விளிம்பு பிரிந்துவிட்டது. அதைப் பின்னத் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு நானே பின்னப் போகிறேன்.

அந்தக் கூடையை இந்த முறை தெருமுனையில் நிறுத்த மாட்டேன். கல்லூரி வாயில் வழியாக, எல்லாரும் பார்க்க, உள்ளே எடுத்து வருவேன்.